வீட்டு ஈஆர்வி பூட்டும்போது நேரும் பிழைகள்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் 2017க்குப் பிறகு கட்டிய வீடுகளில், பேஸ்மென்டில் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு தகரப் பெட்டி தொங்கும். அதிலிருந்து நான்கு குழாய்கள் கிளம்பும். அதுதான் எச்ஆர்வி அல்லது ஈஆர்வி. வீட்டின் பழைய காற்றை வெளியே தள்ளும்போது அதன் சூட்டைப் பிடித்து, உள்ளே வரும் புதுக்காற்றுக்குக் கொடுப்பது இரண்டுக்கும் பொதுவான வேலை. ஈஆர்வி சூட்டோடு ஈரத்தையும் கைமாற்றும். பழைய வீடுகளில் ஜன்னல் மாற்றி, இடுக்கெல்லாம் அடைத்த பிறகு காற்றுப் புழுங்குகிறது என்று பலர் இப்போது ஈஆர்வி பூட்டுகிறார்கள். கோளாறுகளும் அங்கேதான் அதிகம் தொடங்குகின்றன.

பெட்டிக்குள் இருப்பது இரண்டு விசிறி, இரண்டு பில்டர், நடுவில் சூட்டைக் கைமாற்றும் ஒரு கோர், ஒரு சின்ன மின்பலகை. பழுதாவதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை. 'மெஷின் சரியில்லை' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை குழாயிலோ, வெளிச்சுவர் மூடியிலோ, காற்றுச் சமநிலையிலோ (உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் ஒத்துப்போவது) போய் முடியும். புதுப் பெட்டி வாங்க முன்னர் கீழே உள்ளதைப் பாருங்கள்.

முதலில் குழாய்களுக்கு எண் போடுங்கள்

ஒரு மார்க்கர் பேனாவால் குழாயிலேயே எழுதுங்கள்.

1 – வெளியிலிருந்து புதுக்காற்றைப் பெட்டிக்குக் கொண்டுவருவது.
2 – பெட்டியிலிருந்து புதுக்காற்றை வீட்டுக்குள் கொண்டுபோவது.
3 – வீட்டுப் பழைய காற்றைப் பெட்டிக்கு இழுப்பது.
4 – பழைய காற்றை வெளியே தள்ளுவது.

1உம் 4உம் குளிர்க்குழாய்கள். 2உம் 3உம் சூட்டுக்குழாய்கள். இனி எல்லாவற்றையும் இந்த எண்களாலேயே சொல்கிறோம். எண் போடும்போதே சில வீடுகளில் பிழை வெளிச்சத்துக்கு வந்துவிடும்: 1உம் 4உம் இடம் மாறிப் பூட்டியிருக்கும். வெளியே போய் இரண்டு மூடிகளிலும் ஒரு டிஷ்யுத் தாளைப் பிடியுங்கள். 1இல் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும், 4இல் பறக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: டோர்ச், ஈரப்பதம் காட்டும் மானி, வெப்பமானி, ஊதுபத்தி, கைப்பேசி நிறுத்தற்கடிகாரம், 150 லீட்டர் அளவுள்ள பெரிய குப்பைப் பை, அலுமினிய ஒட்டுநாடா. சாம்பல் நிறத் துணி நாடா வேண்டாம். குளிரில் அது ஒரு பருவம்கூடத் தாங்காது.

பெட்டிக் கதவைத் திறக்குமுன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். 1990க்கு முந்திய வீடென்றால் இன்னொரு எச்சரிக்கை: பழைய சூட்டுக்குழாய் மூட்டுகளில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் தாள் நாடா, உட்கூரையில் மினுங்கும் சிறு கற்கள் போன்ற காப்பு, இரண்டிலும் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கக்கூடும். அதைச் சுரண்டவோ துளைக்கவோ வேண்டாம். முதலில் மாதிரி கொடுத்துச் சோதியுங்கள்.

அறிகுறி: சிஓ (கார்பன் மோனாக்சைட் நச்சுவாயு) அலாரம் அடிக்கிறது, அல்லது சுடுநீர்த் தாங்கிப் பக்கம் புகைவாடை, கண் எரிச்சல்

அலாரம் அடித்தால் ஆராய்ச்சி வேண்டாம். எல்லோரும் வெளியே வாருங்கள், 911ஐ அழையுங்கள். கீழே உள்ளது எல்லாம் அதற்குப் பிறகு.

நடப்பது இதுதான். ஈஆர்வி உள்ளே விடுவதைவிட அதிகமாக வெளியே தள்ளினால், அது வெறும் வெளியேற்று விசிறி ஆகிவிடுகிறது. இறுக்கமான வீட்டில் அழுத்தம் குறையும். குறைந்த அழுத்தம் எங்கிருந்தாவது காற்றை இழுத்து நிரப்பும். எளிதான வழி சுடுநீர்த் தாங்கியின் புகைபோக்கி. வெளியே போக வேண்டிய எரிபுகை திரும்பி வீட்டுக்குள் இறங்கும். இயல்பிழுவைத் தாங்கியில், அதாவது விசிறி இல்லாமல் புகை தானாக மேலேறும் வகையில், இது நடக்கச் சும்மா 5 பாஸ்கல் அழுத்தக் குறைவே போதும். கதவைத் திறக்கும்போது கைக்குக்கூடத் தெரியாத அளவு அது.

உங்கள் தாங்கி எந்த வகை என்று பாருங்கள். மேலே வாய் திறந்த தகரக் குடை இருந்து, அதன் மேல் உலோகப் புகைபோக்கி ஏறினால் அது இயல்பிழுவை, ஆபத்துள்ள வகை. வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டு நேரே வெளிச்சுவருக்குப் போனால் அது தனக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே எடுக்கும் வகை. அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. விறகு அடுப்பும் பழைய எரிவாயுக் கணப்பும் முதல் வகையோடு சேர்ந்தவை.

இயல்பிழுவைத் தாங்கி உள்ள வீட்டில் ஈஆர்வி பூட்டினால் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது:

1. எல்லா ஜன்னல், கதவு, கணப்பு மூடி அனைத்தையும் சாத்துங்கள். எரிகலன்கள் இருக்கும் அறையின் கதவையும் சாத்துங்கள்.
2. உடுப்பு உலர்த்தி, குளியலறை விசிறிகள், அடுப்பு மேல் விசிறி எல்லாவற்றையும் உச்ச வேகத்தில் போடுங்கள். ஈஆர்வியையும் உச்சத்தில் விடுங்கள்.
3. சுடுநீரைத் திறந்துவிட்டு, தாங்கியின் எரிதட்டு பற்றும்வரை காத்திருங்கள்.
4. பற்றி 5 நிமிடம் கழித்து, கொளுத்திய ஊதுபத்தியைத் தகரக் குடையின் விளிம்பில் சுற்றிப் பிடியுங்கள்.

புகை குடைக்குள் ஏறினால் நல்லது. வெளியே தள்ளப்பட்டாலோ தயங்கி நின்றாலோ தோல்வி. உடனே விசிறிகளை நிறுத்தி ஜன்னலைத் திறவுங்கள். ரிஎஸ்எஸ்ஏ (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவுள்ள எரிவாயுத் தொழில்நுட்பர் பார்க்கும்வரை ஈஆர்வியையும் ஓட விடாதீர்கள்.

நம் வீடுகளில் குற்றவாளி சிலவேளை ஈஆர்வியே அல்ல. மீன் பொரிக்கிறோம், தாளிக்கிறோம் என்று அடுப்புக்கு மேல் 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) விசிறி பூட்டியிருப்பார்கள். அது இழுக்கும் காற்றுக்கு ஈடு செய்ய எந்த ஈஆர்வியாலும் முடியாது. அந்த விசிறிக்குத் தனியாக ஈடுசெய் காற்றுவழி வேண்டும். 2ஆம் படியில் அடுப்பு விசிறியை நிறுத்தியும் போட்டும் இரண்டு முறை பார்த்தால் யார் காரணம் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று பனிநீக்கம். கடுங்குளிரில் கோரில் பனி கட்டாமல் இருக்கச் சில மாதிரிகள் புதுக்காற்று விசிறியை நிறுத்திவிட்டு வெளியேற்று விசிறியை மட்டும் ஓட்டும். அந்தச் சில நிமிடங்கள் வீடு முழுக்க இழுவையில் இருக்கும். இயல்பிழுவைத் தாங்கி உள்ள வீட்டுக்கு அந்த மாதிரி பொருந்தாது. வெளிவாயை மூடி, வீட்டுக் காற்றையே சுழற்றிப் பனி நீக்கும் மாதிரியை வாங்குங்கள். பெட்டி வாங்க முன்னரே கேட்க வேண்டிய கேள்வி இது. பலர் விலையை மட்டுமே கேட்கிறார்கள்.

பேஸ்மென்டில் ரேடான் (நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயு) அளவு கனடாவின் வழிகாட்டு எல்லையான 200 பெக்கரல்/கன மீட்டருக்கு அருகில் இருக்கும் வீட்டிலும் இதே கவனம் வேண்டும். இழுவை கூடினால் நிலத்திலிருந்து ரேடானும் சேர்ந்து ஏறும். சமநிலை சரிசெய்த பிறகு குளிர்காலத்தில் 3 மாத அளவி வைத்துப் பாருங்கள்.

சமநிலையை அளப்பது

இது அறிகுறி இல்லை. ஆனால் இனி வரும் பாதி அறிகுறிகளுக்கு விடை இதில் இருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

முதலில் எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்கிடுங்கள். ஒன்ராறியோ வழக்கப்படி முதன்மைப் படுக்கையறைக்கு வினாடிக்கு 10 லீட்டர், பேஸ்மென்டுக்கு 10, மற்ற அறை, சமையலறை, குளியலறை, சலவையறை ஒவ்வொன்றுக்கும் 5. மூன்று படுக்கையறை, இருக்கை அறை, உணவறை, குடும்ப அறை, சமையலறை, இரண்டு குளியலறை, சலவையறை, பேஸ்மென்ட் என்றால் 65 லீட்டர்/வினாடி. அதாவது ஏறத்தாழ 138 சிஎஃப்எம். இது வீட்டின் மொத்தத் திறன். நாள் முழுக்க ஓட வேண்டிய அடிப்படை அளவு மூன்று படுக்கையறை வீட்டுக்கு 30 லீட்டர்/வினாடி, ஏறத்தாழ 64 சிஎஃப்எம். நான்கு படுக்கையறைக்கு 37.5. ஈஆர்வியின் தாழ்வேகம் இந்த அடிப்படை அளவைத் தர வேண்டும்.

பூட்டியவர் மானி வைத்து அளந்து, புதுக்காற்றும் பழைய காற்றும் 10 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, எண்களைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லையென்றால் சமநிலை பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கக் குப்பைப் பை போதும். காற்றில்லாத நாள், உறைநிலைக்கு மேலான வெப்பநிலை, சுத்தமான பில்டர். பையின் வாயை ஒரு கம்பி வளையத்தில் ஒட்டுங்கள். பையைச் சப்பையாக்கி, 4ஆம் குழாயின் வெளிமூடியில் அமுக்கிப் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 150 லீட்டர் பை 5 வினாடியில் நிரம்பினால் 30 லீட்டர்/வினாடி. பிறகு காற்று நிரப்பிய பையை 1இன் மூடியில் வைத்துச் சுருங்கும் நேரத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். 5 வினாடிக்கு 5.5 வினாடி என்றால் பரவாயில்லை. 4க்கு 7 என்றால் பிழை உண்டு, தொழில்நுட்பர் மானியோடு வர வேண்டும்.

சரிசெய்யும் டேம்பர்கள் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடுகள்) 2இலும் 3இலும், அதாவது சூட்டுக்குழாய்களில்தான் இருக்க வேண்டும். குளிர்க்குழாயில் டேம்பர் வைத்தால் கைப்பிடித் துளை வழியே ஈரம் நுழைந்து காப்புக்குள் நீர் கோக்கும். எந்தக் குழாயில் அதிகமோ அதைக் கொஞ்சம் மூடுவதுதான் முறை. ஆனால் குறைவானது ஏன் குறைந்தது என்று பாராமல் மற்றதை மூடாதீர்கள். 1இன் வலை அடைத்திருக்கும்போது 3ஐ மூடிச் சமப்படுத்தினால், இரண்டுமே பாதியாகிச் சமநிலை மட்டும் அழகாக இருக்கும்.

அறிகுறி: மெஷின் ஓடுகிறது, அறைகளில் புதுக்காற்று இல்லை

காலையில் படுக்கையறை புழுங்குகிறது, தலை கனக்கிறது. ஆனால் பேஸ்மென்டில் பெட்டி நிற்காமல் ஓடுகிறது.

பழைய வீடுகளில் தனிக் குழாய் இழுக்க முடியாமல், 2ஐயும் 3ஐயும் ஃபேர்னஸின் திரும்புகுழாயிலேயே (அறைகளின் காற்றை ஃபேர்னஸுக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய்) இணைத்துவிடுவது வழக்கம். தவறில்லை. ஆனால் அந்த இணைப்பில் ஈஆர்வி ஓடும்போதெல்லாம் ஃபேர்னஸ் விசிறியும் ஓட வேண்டும். ஓடாவிட்டால் 2இலிருந்து வந்த புதுக்காற்று அதே குழாயில் திரும்பி 3க்குள் போய் வெளியேறிவிடும். மாதக்கணக்காக இப்படி ஓடிய பெட்டிகள் உண்டு. கரண்டுக்குக் காசு, காற்றுக்குப் பூச்சியம்.

ஃபேர்னஸ் விசிறியைத் தெர்மோஸ்டாட்டில் 'ஆன்' நிலையில் போட்டுவிட்டு ஒரு இரவு பாருங்கள். புழுக்கம் போனால் காரணம் இதுதான். ஈஆர்வியின் உலர் தொடுப்பிலிருந்து (தானே மின்சாரம் தராமல் சுவிட்ச் போல மட்டும் வேலை செய்யும் முனை) ஃபேர்னஸ் மின்பலகைக்கு ஒரு தாழ்மின் கம்பி போய், ஒன்று ஓட மற்றதும் ஓட வேண்டும். அந்தக் கம்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இணைப்பு இடைவெளியும் முக்கியம். காற்றோட்டத் திசையில் 3 முதலில் வர வேண்டும், 2 அதற்குப் பிறகு, குறைந்தது 3 அடி தள்ளி. மாறியிருந்தால் விசிறி ஓடினாலும் புதுக்காற்றில் ஒரு பங்கு 3க்குள் போய்விடும். ஃபேர்னஸுக்கு மிக நெருக்கமாக 2ஐ இணைத்தால் குளிர்காற்று கலவாமல் வெப்பப் பரிமாற்றியில் போய் மோதும். கையேடு சொல்லும் தூரத்தை இடைவெளியாக விடுங்கள், 3 மீட்டர் இருந்தால் நிம்மதி.

தனிக்குழாய் உள்ள வீட்டில் இதே அறிகுறி வந்தால் முதலில் 1இன் வெளிமூடியைப் பாருங்கள். ஜூன் மாதத்தில் கொட்டன்வுட் மரப் பஞ்சு பறக்கும்போது அது ஒரே வாரத்தில் வலையை மெத்தை போல மூடிவிடும். வலைக்கண் 6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கொசுவலை போட்டிருந்தால் கழற்றி எறியுங்கள். அடுத்து மடங்கிய நெளிகுழாய். நெளிகுழாயை முழுவதும் இழுத்து விறைப்பாகப் போட வேண்டும். மிச்சத்தைச் சுருட்டி மூலையில் தள்ளியிருந்தால் வெட்டிக் குறையுங்கள்.

அறிகுறி: குழாயோ பெட்டியோ வியர்க்கிறது, சொட்டுகிறது

எந்தக் குழாய் என்று பாருங்கள். 2உம் 3உம் வியர்ப்பது அரிது. 1உம் 4உம் வியர்த்தால் காப்பில் ஓட்டை.

குளிர்க்குழாய்க்கு மூன்று படலம்: உள்குழாய், கண்ணாடி நார்க் காப்பு, வெளியே ஈரத்தடுப்பு உறை. இந்த உறைதான் உயிர். பேஸ்மென்டின் ஈரக்காற்று அதைத் தாண்டிப் போனால், −15 பாகையில் இருக்கும் உள்குழாயைத் தொட்டு நீராகும். காப்பு ஊறும். ஊறிய காப்பு காப்பே இல்லை, இன்னும் வியர்க்கும். கடைசியில் உறை ஒரு நீர்ப்பை போலத் தொங்கும்.

பெரும்பாலும் பிழை இரு முனைகளில் இருக்கும். பெட்டியின் கழுத்தில் இரட்டை வளையம் இருந்தால், உள்குழாயை உள்வளையத்தில் மாட்டி நாடா சுற்றி, காப்பைப் பெட்டிவரை தள்ளி, உறையை வெளிவளையத்தின் மேல் இழுத்துத் தனியாக ஒட்ட வேண்டும். இரண்டையும் ஒரே வளையத்தில் சேர்த்துக் கட்டிவிடுவது சோம்பல் வேலை. சுவர் முனையிலும் அப்படியே: குழாய்க்கும் சுவர்த் துளைக்கும் நடுவே நுரை நிரப்பி, உறையைச் சுவரோடு ஒட்ட வேண்டும். நடுவில் கட்டிய பிளாஸ்டிக் பட்டி காப்பை இறுக்கி நசுக்கியிருந்தால் அந்த இடத்திலும் வியர்க்கும். அகலமான தொங்குபட்டி போடுங்கள்.

ஊறிப்போன துண்டை உலர்த்தப் பார்க்க வேண்டாம். மாற்றுங்கள். உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும், நீங்கள் மூச்சில் எடுப்பது 1ஆம் குழாயின் காற்று.

பெட்டிக்கு அடியில் சொட்டினால்: வடிகால் உள்ள மாதிரியில் குழாய் யூ வடிவில் வளைந்து, அதில் நீர் நிற்க வேண்டும். பூட்டியபோது நீர் ஊற்றாமல் விட்டால் அந்த வழியே காற்று உறிஞ்சப்பட்டு, வடிய வேண்டிய நீர் தட்டிலேயே நிற்கும். ஒரு குவளை நீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

அறிகுறி: குளிர்காலத்தில் ஜன்னலில் நீர் வடிகிறது

ஈரப்பதமானியைப் படுக்கையறையில் வையுங்கள். குளிர்காலத்தில் 30 முதல் 40 விழுக்காடு நல்லது. வெளியே −20 போனால் 30ஐ ஒட்டி இருக்கட்டும். 50 காட்டினால் ஜன்னல் அழத்தான் செய்யும்.

ஈஆர்வி ஈரத்தின் ஒரு பங்கைத் திருப்பி வீட்டுக்கே கொடுக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இருவர் மட்டும் இருக்கும் பெரிய வீட்டில் அது வரம்: உதடு வெடிக்காது, மரத்தளம் சுருங்கி இடுக்கு விழாது. ஆனால் அம்மம்மா, அப்பப்பா, பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர், மூன்று வேளைச் சோறு, இடியப்பம் அவிப்பு, உடுப்பை பேஸ்மென்டில் கொடியில் காயவிடுவது என்று இருக்கும் வீட்டுக்கு ஈஆர்வியின் அந்தக் குணமே தொல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு எச்ஆர்வி பொருத்தமாக இருந்திருக்கும். பூட்டியாகிவிட்டதென்றால், குளிர்காலத்துக்கு மட்டும் எச்ஆர்வி கோரை மாற்றிப் போட உங்கள் மாதிரி இடம் கொடுக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் வேகத்தைக் கூட்டி, குளியலறையிலும் அடுப்பிலும் எழும் ஆவியை அந்தந்த விசிறியால் நேரே வெளியேற்றுங்கள். ஃபேர்னஸில் ஈரமூட்டி இருந்தால் முதலில் அதை மூடுங்கள். ஒரு கையால் ஈரம் போட்டு மறு கையால் துடைக்கும் வீடுகள் நிறைய உண்டு.

ஒரே ஒரு அறையின் ஜன்னல் மட்டும் வடிந்தால் அது ஈஆர்வி பிரச்சினை இல்லை. கதவைச் சாத்தித் தூங்கும் அறையிலிருந்து திரும்பிப் போகக் காற்றுக்கு வழியில்லை. கதவின் அடியில் முக்கால் அங்குலம் விடுங்கள். தடித்த திரையை இரவில் சற்று விலக்குங்கள்.

அறிகுறி: புதுக்காற்று மிகவும் குளிராக வருகிறது

இது பிழையா, இயல்பா என்று ஒரு கணக்கு சொல்லிவிடும். வெளியே −10, உள்ளே 21, கோரின் திறன் 70 விழுக்காடு என்றால், 31 பாகை இடைவெளியில் 70 விழுக்காடு 21.7. அதை −10உடன் கூட்டினால் புதுக்காற்று ஏறத்தாழ 12 பாகையில் வரும். குளிராகத்தான் இருக்கும், ஆனால் பெட்டி சரியாக வேலை செய்கிறது. காற்றுவாயைத் தலையணைக்கு நேரே வைத்ததுதான் பிழை. உயரச் சுவரிலோ கூரையிலோ, ஆள் படுக்காத பக்கம் நோக்கி வையுங்கள்.

அதே நாளில் 2இல் 3 பாகைதான் காட்டினால் திறன் 42 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. 3இன் பில்டர் அடைத்துச் சூடான காற்று குறைந்திருக்கும். அல்லது சுத்தம் செய்த பிறகு கோரைத் திசை மாற்றிச் செருகியிருப்பார்கள், விளிம்பு ரப்பர் உட்காராமல் காற்று பக்கவாட்டில் நழுவும்.

பெட்டி திடீரென்று ஓட்டத்தை மாற்றுகிறது, 4இல் சில நிமிடம் காற்றே வரவில்லை என்பது −5, −10க்குக் கீழே பெரும்பாலும் பனிநீக்கம். விட்டுவிடுங்கள். மணிக்கணக்காக அப்படியே இருந்தால் பிளக்கைக் கழற்றிக் கோரைப் பாருங்கள். வெள்ளையாகப் பனி அடைத்திருந்தால் இழுத்துச் சுரண்டாமல், கதவைத் திறந்து தானாக உருக விடுங்கள். பனி அடைப்பதன் காரணம் பெரும்பாலும் 3இலிருந்து வரும் சூடு போதாமை: பில்டர், அல்லது சமநிலை. சூடில்லாத கராஜிலோ உட்கூரையிலோ பெட்டியைத் தொங்கவிட்டிருந்தால் இதற்கு மருந்தே இல்லை. இடத்தை மாற்ற வேண்டும்.

அறிகுறி: வாடை

சமையல் வாடை மேல்மாடிப் படுக்கையறைக்கு வருகிறதா? வெளியே போய் 1க்கும் 4க்கும் இடையே அளவுநாடாவைப் பிடியுங்கள். 6 அடிக்குக் குறைந்தால் வெளியே தள்ளியதையே திரும்பக் குடிக்கிறீர்கள். இரண்டும் நிலத்திலிருந்து 18 அங்குலமாவது உயரம் வேண்டும், பனிக்குவியலை நினைத்து இன்னும் கூட்டி வைப்பது நல்லது. 1இன் மூடி உலர்த்தி வாய், ஃபேர்னஸ் புகைவாய், கார் நிறுத்துமிடம், பார்பிக்யூ ஆகியவற்றிலிருந்து 6 அடி விலக வேண்டும். எரிவாயு மீட்டர் சீராக்கியிலிருந்து 3 மீட்டர்.

சமையலறையில் 3இன் வாய் அடுப்பிலிருந்து பக்கவாட்டில் 4 அடி தள்ளி, எண்ணெய் பிடிக்கும் பில்டரோடு இருக்க வேண்டும். அடுப்பு மேல் விசிறியை ஈஆர்வியோடு இணைக்கவே கூடாது. எண்ணெய் கோரில் படியும், பிறகு அது என்றைக்கும் பொரியல் வாடைதான். தீப்பிடிக்கும் பொருளும் ஆகும். உலர்த்தியும் அப்படியே, பஞ்சு அடைக்கும். ஈஆர்வி கோர் ஈரத்தைக் கடத்துவது போலச் சிறிதளவு வாடையையும் கடத்தும். ஆனால் அது இலேசானது. மூக்கைத் துளைக்கும் வாடைக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கும்.

பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருந்தால், அங்கிருந்தும் மேலேயிருந்தும் ஒரே பெட்டிக்குக் காற்று இழுப்பது வாடையோடு முடியாது. தீ பிடித்தால் புகையும் அதே வழியே ஏறும். நகரசபைக் கட்டடப் பிரிவிடம் கேட்காமல் அந்த இணைப்பைச் செய்ய வேண்டாம்.

அறிகுறி: ஈஆர்வி போட்டால் ஏசியும் தானாக ஓடுகிறது

வினோதமாகத் தோன்றும், காரணம் எளிது. ஃபேர்னஸ் விசிறியை ஓட்ட அதன் பலகையில் ஆர் (மின்சாரம்), ஜி (விசிறி) முனைகளை ஈஆர்வி இணைக்கும்போது, சில பழைய தெர்மோஸ்டாட்டுகளில் அந்த மின்சாரம் பின்வழியே போய் ஏசிக்கான வை முனையையும் உசுப்பிவிடும். கையேட்டில் இதற்கென்றே மாற்று இணைப்பு வரைபடம் இருக்கும். அதன்படி கம்பியை மாற்ற வேண்டும், அல்லது தெர்மோஸ்டாட்டையே மாற்றலாம். தாழ்மின் கம்பியையும் 120 வோல்ட் கம்பியையும் ஒரே துளையில் கொண்டுபோகாதீர்கள்.

அறிகுறி: கோடையில் வீடு ஈரமாகிறது

ஈஆர்வி ஈரம் உறிஞ்சும் மெஷின் இல்லை. ஜூலைப் புழுக்கத்தில் வெளியிலிருந்து வரும் ஈரத்தைக் குறைக்கும், நிறுத்தாது. ஏசி ஓடாத வீட்டில் அதற்குக் கைமாற்ற உலர்காற்றே இல்லை. புழுக்கமான நாட்களில் மணிக்கு 20 நிமிட ஓட்டத்துக்கு மாற்றுங்கள், பேஸ்மென்டில் தனி ஈரநீக்கி வையுங்கள்.

அறிகுறி: இரைச்சல், அதிர்வு

பெட்டி மரச்சட்டத்தில் நேரே ஆணியடித்திருந்தால் வீடு முழுக்க ரீங்காரம் கேட்கும். சங்கிலியும் ஸ்பிரிங்கும், அல்லது ரப்பர் பட்டியும் போட்டுத் தொங்கவிடுங்கள். பெட்டிக்கும் தகரக்குழாய்க்கும் நடுவே ஓர் அடி நெளிகுழாய் இருக்கட்டும். சீழ்க்கை போன்ற ஒலி என்றால் குழாய் ஒடுக்கம்: 6 அங்குலக் கழுத்துக்கு 5 அங்குலக் குழாய், அல்லது பெட்டியை ஒட்டியே கூர்வளைவு.

அறிகுறி: ஓடவே இல்லை

கதவுக் கொக்கி சரியாக மாட்டவில்லை என்றால் பாதுகாப்பு சுவிட்ச் விடாது; பலமுறை காரணம் இதுதான். அடுத்து பிளக், பிரேக்கர், சுவர்க் கட்டுப்பாட்டின் கம்பி. கசிவுத் துண்டிப்பி அடிக்கடி விழுந்தால் திரும்பத் திரும்பத் தட்டிவிட வேண்டாம், பெட்டிக்குள் நீர் புகுந்திருக்கும். நீட்டுக்கம்பியில் ஓட்டுவது கூடாது. பெட்டிக்கு 3 அடிக்குள் தனிப் பிளக் வேண்டும். அதற்குப் புதுக் கம்பி இழுக்க ஆள் வைத்தால் ஒன்ராறியோவில் அவர் உரிமம் பெற்ற மின்ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும், ஈஎஸ்ஏ (மின் பாதுகாப்பு அமைப்பு) பரிசோதனைக்கும் அறிவிக்க வேண்டும்.

சுத்தம் செய்யும்போதே பெட்டியைக் கெடுப்பவர்களும் உண்டு. பில்டரை 3 மாதத்துக்கு ஒருமுறை இளஞ்சூட்டு நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். கோரை வருடத்துக்கு ஒருமுறை தூரிகை முனையுள்ள உறிஞ்சியால் மேலாக எடுங்கள். கையேடு தெளிவாக அனுமதித்தால் தவிர ஈஆர்வி கோரைத் தண்ணீரில் போடாதீர்கள். காகிதக் கோர் ஒரு முறை நனைந்தாலே உப்பிச் சுருங்கிவிடும், பிறகு புதிதுதான் வாங்க வேண்டும். கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று திரும்பப் போடும்போது தடுமாற வேண்டியதில்லை.